வாசலுக்கு வரும் ஸ்கூட்டர் வைத்தியர்கள்

"கோவிலம்பாக்கமா? அது எங்கே இருக்கு?" என்று என் அடுத்த வீட்டு மாமி கேட்டபோது, எனக்கே பத்து வருஷத்துக்கு முன்பு அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாதே என்று சிரித்துக்கொண்டேன். என் நாத்தனார் அங்கே வீடு கட்டிக்கொண்டு போன பிறகுதான் எனக்கும் வழி தெரிந்தது. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்கி, கீழ்க்கட்டளை வழியாகப் போனால் மேடவாக்கம் மெயின் ரோடில் வரும் ஊர். ஒரு பக்கம் மடிப்பாக்கம், இன்னொரு பக்கம் நன்மங்கலம் காடு. அதைத் தாண்டினால் மேடவாக்கம்.

ஒரு சனிக்கிழமை சாயந்திரம், நாத்தனாரின் பேரக் குழந்தையைப் பார்க்கக் கையில் கொஞ்சம் முறுக்கும் ஒரு சின்னச் சட்டையுமாகக் கிளம்பினேன். போய் வந்ததை எழுத உட்கார்ந்தால், குழந்தையைவிட ஒரு ஸ்கூட்டர்தான் அதிகம் ஞாபகம் வருகிறது! ஏன் என்று கேளுங்களேன்.

ஏரிகளின் ஊர்

கோவிலம்பாக்கம் ஊராட்சியாகவே வளர்ந்த ஊர். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து அதில் சேர்ந்தது. பெயர்களைப் பாருங்கள்: ஈச்சங்காடு, வெள்ளக்கல், சுண்ணாம்பு கொளத்தூர். காடும் கல்லும் குளமும் இருந்த இடம் என்று பெயரே சொல்கிறது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் தண்ணீர் நாராயணபுரம் ஏரிக்குப் போகும்; அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு. நடுவில் இருந்த வயல்கள் மனைகளாயின. மனைகள் மாடி வீடுகளாயின. தண்ணீருக்கு மட்டும் பழைய வழிதான் ஞாபகம் இருக்கிறது. மழைக்காலம் வந்தால் அது தன் வழியே வந்து வாசலில் நின்றுவிடுகிறது!

மெயின் ரோடு நெடுக மெட்ரோ ரயிலுக்காகத் தூண்கள் எழும்பியிருக்கின்றன. மாதவரத்தையும் சோழிங்கநல்லூரையும் இணைக்கும் அந்தத் தடத்தில் கோவிலம்பாக்கத்துக்கும் ஒரு நிலையம் உண்டு. அது வரும்போது வரட்டும். இப்போதைக்கு இங்கே குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு ஸ்கூட்டர்தான் கால். பால் வாங்க, பிள்ளையைப் பள்ளியில் விட, ரேஷன் கடைக்கு, வேளச்சேரி ரயிலைப் பிடிக்க, எதற்கும் அதுதான். நாத்தனார் இருக்கும் தெருவில் வீட்டுக்கு ஒன்று, சில வீடுகளில் இரண்டு நிற்கின்றன. ஓட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள்.

ஸ்கூட்டர் நின்றுபோனால்? அதுதான் விஷயம்.

சேலைக்கு ஏற்ற வண்டி

கதைக்கு முன் ஒரு சின்ன சரித்திரம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, 1946-ல் இத்தாலியில் பியாஜியோ கம்பெனி வெஸ்பா ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ விமான என்ஜினீயர். மோட்டார் சைக்கிளே அவருக்குப் பிடிக்காதாம். அழுக்கு ஆகிறது, செயின் எண்ணெய் உடுப்பில் படுகிறது, டயர் பஞ்சரானால் கழற்றுவது கஷ்டம் என்று குறைகளை வரிசையாக யோசித்து, என்ஜினை மூடி, செயினை எடுத்துவிட்டு, காலைத் தூக்கிப் போடாமல் உட்காரும்படி முன்பக்கத்தைத் திறந்து வைத்தார். பாவாடை கட்டியவர்களுக்காக என்று அங்கே செய்தது, சேலை கட்டியவர்களுக்கும் பொருந்திவிட்டது!

நம் நாட்டில் 1972-ல் பஜாஜ் சேத்தக் வந்தது. ராணா பிரதாப்பின் குதிரையின் பெயர். பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கியவர்கள் நம் வீடுகளிலேயே உண்டு. காலையில் அப்பா வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, பிறகு உதைத்து ஸ்டார்ட் செய்ததைப் பார்க்காத பிள்ளைகள் உண்டா? 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. 1984-ல் கியர் இல்லாமல், பட்டனை அமுக்கினாலே கிளம்பும் கைனடிக் ஹோண்டா வந்தது. பிறகு ஸ்கூட்டி, ஆக்டிவா. கியர் போனதும் பெண்கள் பின் சீட்டிலிருந்து முன் சீட்டுக்கு வந்துவிட்டார்கள். 2018 பிப்ரவரி 24-ந் தேதி தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய், மானியம் தரும் திட்டத்தைத் தொடங்கியதும் சேர்ந்துகொண்டது.

ஆனால், வண்டி ஓட்டக் கற்ற நாம், வண்டியைப் பற்றிக் கற்றோமா? நிச்சயமாக இல்லை. நானும் உங்களில் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை

மறுநாள் காலை காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கணவன் ஓட்ட, மனைவி பின்னால் ஒரு தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். சுடிதாரின் மேல் ஒரு பழைய முழுக்கைச் சட்டை.

"யாரு அக்கா?" என்று நாத்தனாரைக் கேட்டேன்.

"நம்ம ஸ்கூட்டர் டாக்டருங்க! வீட்டுக்கே வந்து பார்ப்பாங்க. திங்கட்கிழமை குழந்தைக்கு ஒன்பதாம் மாசத் தடுப்பூசி. மருமக வண்டியிலதான் போகணும். அதான் ஒரு தடவை பார்த்துடச் சொன்னேன்."

அந்தத் தம்பி வாரத்தில் ஆறு நாள் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். பையனாக இருந்தபோது பல்லாவரத்தில் ஒரு மெக்கானிக் கடையில் நான்கு வருஷம் தொழில் பழகியவர். 2020-ல் ஊரடங்கு வந்து, தெருத்தெருவாக வண்டிகள் மாதக்கணக்கில் நின்று பேட்டரி செத்துக் கிடந்தன. கடைகள் மூடியிருந்தன. "அண்ணா, என் வண்டியைக் கொஞ்சம் பாருங்க" என்று அக்கம்பக்கத்தில் கூப்பிட ஆரம்பித்ததுதான் ஆரம்பம். தொழிற்சாலையில் அப்போது பாதிச் சம்பளம். வீட்டில் கைக்குழந்தை. ஸ்பேனர் பெட்டி இருந்தது, பிழைத்தோம் என்கிறார்.

மனைவி முதலில் ஃபோனில் ஆர்டர் எழுதிக்கொள்வதோடு சரி. ஆனால் பகலில் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் தனியாக இருக்கும் பெண்கள். "அண்ணன் மட்டும் வர்றதா இருந்தா வேண்டாம், சாயந்திரம் வீட்டுக்காரர் இருக்கும்போது வரச் சொல்லுங்க" என்பார்களாம். அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் இவளும் கூடப் போக ஆரம்பித்தாள். சும்மா நிற்பானேன் என்று கழற்றுவது, துடைப்பது, மாட்டுவது என்று கற்றுக்கொண்டாள். இப்போது வார நாட்களில் பெரியவள் பள்ளியில் இருக்கும் நேரம், ஆயில் மாற்றுவது, பிளக் சுத்தம் செய்வது, ஏர் ஃபில்டர், பிரேக் இறுக்குவது, டியூப்லெஸ் டயர் பஞ்சர், இவ்வளவையும் தனியாகவே போய்ச் செய்கிறாள்.

"மாமியார் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன். நம் புத்தி அங்கேதானே போகும்!

"சொன்னாங்கம்மா. பொம்பளைப் பிள்ளை கையெல்லாம் மசியான்னு மூணு மாசம் முகத்தைத் தூக்கி வெச்சிருந்தாங்க. பெரியவளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுறப்போ என் நோட்டுலேருந்து எடுத்துக் குடுத்தேன். அதுக்கப்புறம் அவங்களே டிபன் கட்டிக் குடுக்கிறாங்க!"

"பணம் அப்புறம் குடுங்க"

வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுழற்றி, பிரேக் லீவரைப் பிடித்துப் பார்த்தாள் அந்தப் பெண். லீவர் கைப்பிடி வரை போய் ஒட்டிக்கொண்டது. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியைக் காட்டினாள். பிரேக்கைப் பிடிக்கும்போது அந்த முள் எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டால் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது என்று அர்த்தமாம். தொட்டுவிட்டது.

"இழுத்துக் கட்டி விட்டுடுங்க, இந்த மாசம் செலவு ஜாஸ்தி. அடுத்த மாசம் மாத்திக்கலாம்" என்றாள் நாத்தனாரின் மருமகள். மாசக் கடைசி, யார் வீட்டில்தான் இல்லை?

தம்பி ஒன்றும் சொல்லாமல் மனைவியைப் பார்த்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அக்கா, நாளைக்குக் குழந்தையை வெச்சுட்டுப் போறீங்க. ரோட்டுல மெட்ரோ வேலை நடக்குது, எந்த இடத்துல பிடிக்க வேண்டியிருக்கும்னு தெரியாது. இழுத்துக் கட்டினா ஒரு வாரம் ஓடும், அப்புறம் பிடிக்கவே பிடிக்காது. ஷூவை இப்பவே மாத்திடுறோம். பணம் அப்புறம் குடுங்க. வேண்டாம்னா, நாங்க தொடாமலே போயிடுறோம், நாளைக்கு ஆட்டோவுல போங்க" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. ஆனால் அதற்கு மேல் யாரும் பேசவில்லை. அரை மணியில் புது ஷூ ஏறியது. கழற்றிய பழைய ஷூவை மருமகள் கையில் கொடுத்தார்கள்; ஓரத்தில் காகிதக் கனம்தான் மிச்சம் இருந்தது. பாட்டி பின்னால் உட்கார்ந்து குழந்தையை அணைத்துக்கொண்டு போகும் காட்சியை நினைத்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அப்போதுதான் இன்னொன்றும் சொன்னார் தம்பி. ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரை உள்ள குழந்தைக்கு ஹெல்மெட், பெரியவரோடு இணைக்கும் பெல்ட், 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று 2022-ல் விதி செய்து, 2023 பிப்ரவரி 15 முதல் அமலுக்கு வந்திருக்கிறதாம். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதே போல, பின் சக்கரத்தைப் பாதி மூடும் மறைப்பும், பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும், கால் வைக்கும் இடமும் மோட்டார் வாகன விதிகளிலேயே உள்ளவை. அழகாக இல்லை என்று சேலை கார்டைக் கழற்றி வைக்கும் தம்பிமார்களே, கவனியுங்கள்! துப்பட்டா சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்கு ஆபத்து.

மிக்ஜாம் வந்த வாரம்

"நல்ல வரும்படிதான் போல!" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

2023 டிசம்பர் 4-ந் தேதி மிக்ஜாம் புயல் மழையில் இவர்கள் தெருவில் தண்ணீர் ஏறியது. கட்டிலுக்கு அடியில் இருந்த ஸ்பேனர் பெட்டி, காற்றடிக்கும் பம்பு, வாங்கி வைத்த சாமான்கள் எல்லாம் மூன்று நாள் சேற்றுத் தண்ணீரில். தண்ணீர் வடிந்ததும் ஃபோன் ஓயவில்லை. முழுகிய வண்டிகள் தெருத்தெருவாக நின்றன. கையில் கருவி இல்லை! கழுத்துச் செயினை அடகு வைத்துப் புது ஸ்பேனர் செட் வாங்கினார்கள்.

"அந்த வாரம் எவ்வளவு கேட்டாலும் குடுத்திருப்பாங்கம்மா. இவரு, வழக்கமா வாங்குறதைத்தான் வாங்கணும்னுட்டாரு. எல்லாம் போன ரெண்டு வீட்டுல சாமான் விலை மட்டும்தான் வாங்கினோம். எனக்குக் கோபம் கோபமா வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். செயின் போயிருக்கே! ஆனா அந்த ரெண்டு வீட்டுக்காரங்கதான் இன்னிக்கு வரைக்கும் எங்களுக்கு ஆள் அனுப்புறாங்க" என்றாள். செயினை மீட்கப் பதினோரு மாதம் ஆயிற்றாம். பேசும்போதே கை தானாகக் கழுத்துக்குப் போய்ச் செயினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

அந்த வாரத்தில் பல வண்டிகளைத் தண்ணீர் கெடுக்கவில்லை. அவசரம்தான் கெடுத்தது என்கிறார் தம்பி. தண்ணீரில் நின்ற வண்டியை, ஓடுகிறதா பார்ப்போம் என்று பட்டனை அமுக்கக் கூடாது. என்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் அது காற்றைப் போல அமுங்காது. உள்ளே இருக்கும் ராடு வளைந்துவிடும். முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். என்ஜின் ஆயிலைப் பார்க்க வேண்டும். பால் விட்ட காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் மாற்ற வேண்டும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் ஸ்டார்ட். மின்சார ஸ்கூட்டரானால் சார்ஜரைத் தொடவே கூடாது. கம்பெனி ஆட்களைக் கூப்பிட வேண்டியதுதான்.

நோட்டுப் புத்தகம்

இந்த மாதிரித் தொழில் நம் வீட்டிலும் செய்யலாமே என்று நினைக்கும் சகோதரிகளுக்காக அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். சாமான், கூலி, பெட்ரோல் என்று மூன்று பத்தி. முதல் ஆறு மாதம் கைக்கு வந்ததையெல்லாம் லாபம் என்று எண்ணி வீட்டில் செலவழித்துவிட்டார்களாம். பிறகு பார்த்தால் அடுத்த ஆயில் டப்பா வாங்கக் காசு இல்லை! இப்போது சாமான் பணம் தனி டப்பாவில். அதைப் பால்காரருக்குக் கூடத் தொடுவதில்லை. ஒரே பகுதியில் நான்கு வீடு சேர்ந்தால்தான் கிளம்புவது. ஒரு வண்டிக்காக மேடவாக்கம் வரை போனால் கூலி பெட்ரோலுக்கே போய்விடும். அசல் சாமானைக் கம்பெனி உறையோடு வாடிக்கையாளர் முன்னால் பிரிப்பது, கழற்றிய பழையதைத் திருப்பிக் கொடுப்பது. இந்த இரண்டினால்தான் நம்பிக்கை வந்தது என்கிறாள்.

வாசலில் செய்யக் கூடாததும் உண்டு. என்ஜினைப் பிரிப்பது, பெல்ட் மாற்றுவது, முன் ஃபோர்க் வேலை எல்லாம் பழைய குருநாதரின் பல்லாவரம் கடைக்குத்தான். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்து, கார்புரேட்டர் போய், பெட்ரோலைக் கணக்காகத் தெளிக்கும் மின்னணு முறை வந்துவிட்டது. "காதால கேட்டே கோளாறு சொல்லுவேன். இப்ப வண்டியே விளக்கு போட்டுச் சொல்லுது, அதைப் படிக்கிற கருவி வேணும்" என்கிறார் தம்பி. அடுத்த சேமிப்பு அதற்குத்தான். மின்சார வண்டிகள் பெருகினால் ஆயில் வேலை குறையும். ஆனால் டயரும் பிரேக்கும் எங்கேயும் போகாது என்று தைரியம் சொல்கிறாள் மனைவி.

வடித்த கறுப்பு ஆயிலை ஒரு கேனில் ஊற்றி மூடி வைத்ததையும் பார்த்தேன். சாக்கடையில் ஊற்றினால் அது ஏரிக்குப் போகும், ஏரியிலிருந்து பள்ளிக்கரணைக்குப் போகும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம் அது. கேன் நிரம்பியதும் பல்லாவரம் கடைக்குப் போய், அங்கிருந்து பழைய ஆயில் சேகரிப்பவர்களிடம் போகிறதாம்.

கைக்கு ஒரு வார்த்தை

குழந்தையைத் தூக்கும் கை அல்லவா? முதலில் அவள் மசியைப் பெட்ரோலால் கழுவி, தோல் வெடித்துப் புண்ணாகிவிட்டது. பழைய என்ஜின் ஆயில் தோலில் தொடர்ந்து படுவதே கெடுதல். பெட்ரோல் அதைவிடத் தோலை வறட்டிவிடும். இப்போது ரப்பர் கையுறை. அதையும் மீறிப் பட்டால் தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடைத்து, பிறகு சோப்பு. பிரேக் தூசியை வாயால் ஊதுவதில்லை. பழைய ஷூக்களில் கல்நார் கலந்திருக்கலாம். அது நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியால் ஒற்றி எடுக்கிறாள். குனிந்தே வேலை செய்தால் இடுப்பு போய்விடும் என்று ஒரு சின்ன முக்காலி எப்போதும் கூட வருகிறது. வேலைச் சட்டையைக் கழற்றித் தனியே போட்டுவிட்டுத்தான் சின்னவனைத் தூக்குவாளாம்.

ஊருக்குத் திரும்பும் முன் எனக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தாள். வாரம் ஒரு தடவை டயரில் காற்று. ஆயில் கம்பியை எடுத்துத் துடைத்து அளவு பார்ப்பது. காலையில் வண்டியை எடுக்கும் முன் பிரேக் இரண்டையும் பிடித்துத் தள்ளிப் பார்ப்பது. அரிசியில் கல் பார்க்கும் நேரம்கூட ஆகாது.

திங்கட்கிழமை மத்தியானம் மாம்பலம் வந்து சேர்ந்தபோது நாத்தனார் ஃபோன் செய்தாள். "ஊசி போட்டாச்சு, குழந்தை கொஞ்சம் அழுதுட்டுத் தூங்குது. வழியில ஒரு நாய் குறுக்கே ஓடி வந்துச்சு, மருமக பிரேக்கைப் பிடிச்சா பாரு, வண்டி அப்படியே நின்னுது" என்றாள்.

ஃபோனை வைத்துவிட்டு நேரே வாசலுக்குப் போனேன். பத்து வருஷமாக நான் ஓட்டும் என் வண்டியின் பின் சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்து, முதன்முறையாக அந்த அம்புக்குறி எங்கே இருக்கிறது என்று தேடினேன். நீங்களும் தேடிப் பாருங்களேன்!